புங்கமரத்தடி மேடையை உடைத்த கதை

என் தம்பி கட்டிய மேடையை நான் உடைத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் பாதிப் பேர் இதைச் சொத்துத் தகராறு என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம் போகும் வழியில், பாமணியாற்றுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. வாசலில் ஒரு புங்கமரம், தாத்தா காலத்தது. மார்பு உயரத்தில் நூல் பிடித்து அளந்தால் சுற்றளவு ஏழடி இரண்டு அங்குலம். 2011இல் தம்பி சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்திருந்தபோது, மரத்தடியில் நாலு பேர் உட்காரட்டும் என்று எட்டடிக்கு எட்டடி, இரண்டடி உயரத்தில் செங்கல் மேடை கட்டினான். உள்ளே சவுடு நிரப்பி, மேலே நாலங்குலக் கான்கிரீட் போட்டு, அதற்கும் மேலே சிவப்பு டைல்ஸ் ஒட்டினான். மரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே விரல் நுழைய இடமில்லை. பதின்மூன்று வருடத்தில் மரம் பருத்து, பட்டை கான்கிரீட் விளிம்பின் மேல் உதடு மாதிரிப் பிதுங்கியிருந்தது.

அம்மா படுக்கையில் கிடந்த பதினான்கு மாதமும் அவளுடைய கட்டில் சன்னலைப் பார்த்துத்தான் இருந்தது. அவளே திருப்பிப் போடச் சொன்னாள். சன்னலுக்கு வெளியே இந்த மரம். "அந்த மேடை மரத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, எடுத்துவிடு" என்று இரண்டு மூன்று முறை சொன்னாள். ஆகட்டும் என்றேன். மருந்து, துணி, கஞ்சி என்று நாள் ஓடியதில் ஆகவில்லை. 2023 ஐப்பசியில் போய்விட்டாள்.

அதன் பிறகு எனக்குத் தூக்கம் இரண்டரை மணிக்கு முறிந்துவிடும். ஆளில்லாத கட்டில், சன்னல், மரம். விடியும்வரை விழித்திருப்பேன். பகலில் எதைத் தொட்டாலும் கை சோர்ந்துவிடும். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மாத்திரை கொடுத்தார்கள். அங்கிருந்த மருத்துவர், "காலை வெயிலில் அரை மணி நேரமாவது வெளியே இருங்கள். கை அழுக்காகிற மாதிரி ஒரு வேலையும் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். சித்தி மகள் ஒருத்தி ஜப்பானியர்களின் காட்டுக் குளியல் பற்றி அனுப்பினாள். 1982இல் அந்நாட்டு வனத்துறை வைத்த பெயராம் அது. காட்டுக்குள் மெதுவாக நடந்து, முகர்ந்து, தொட்டு, மரத்தோடு இருப்பது. நல்ல யோசனைதான். ஆனால் டெல்டாவில் காட்டுக்கு எங்கே போவது? கண்ணுக்கு எட்டியவரை வயல். எனக்கு இருந்தது ஒரு மரம், அதன் கழுத்தில் சிமெண்ட்.

அவள் அனுப்பியவற்றில் மனத்தில் நின்றது வேறொன்று. ரோஜர் உல்ரிச் என்பவர் 1984இல் வெளியிட்ட ஆய்வு. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்தவர்களின் பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்திருக்கிறார். சன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் 23 பேர், செங்கல் சுவர் தெரிந்தவர்கள் 23 பேர். மரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் முன்னதாக வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சின்ன ஆய்வுதான், அதை வைத்துக் கோட்டை கட்ட முடியாது. ஆனாலும் அம்மா கட்டிலைத் திருப்பச் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மறுநாளே கொத்தனாருக்கு ஆள் அனுப்பினேன்.

பிப்ரவரி 11, 2024, ஞாயிறு. சம்பா அறுவடை ஓய்ந்து ஆள் கிடைக்கிற நேரம். கொத்தனார் பார்த்துவிட்டு, பிரேக்கர் மிஷின் வைத்தால் அரை நாள் வேலை என்றார். வெளிச் சுவருக்கும் ஓரத்துக்கும் மிஷின், அடிமரத்திலிருந்து இரண்டடிக்குள் உளியும் சுத்தியலும் மட்டும் என்று பேசி முடித்தோம். மிஷின் அதிரும்போது மரத்தின் உச்சி இலைவரை நடுங்கியது. ஓரத்துக்கும் உளியே வைத்திருக்கலாம். இனி யாராவது செய்தால் ஒரு நாள் கூலி கூடுதலாகப் போகட்டும், மிஷின் வேண்டாம்.

முதல் தவறு நான் செய்ததுதான். கான்கிரீட் துண்டு ஒன்று பட்டையோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. பொறுமையில்லாமல் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினேன். துண்டோடு பட்டையும் வந்துவிட்டது, உள்ளங்கை அளவுக்கு. பச்சை நாற்றம் அடித்தது. சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அம்மாவின் காரியத்தில்கூட அப்படி அழுததில்லை. கொத்தனார் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் டீ வாங்கி வரப் போய்விட்டார்.

புண்ணுக்கு ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். தார் பூசு, சாணி அப்பு, சிமெண்ட் வைத்து அடை. நான் எதையும் பூசவில்லை. கூரான கத்தியால் தொங்கிக்கொண்டிருந்த பட்டையை மட்டும் நறுக்கி, ஓரத்தைச் சீராக்கிவிட்டு விட்டுவிட்டேன். அலெக்ஸ் ஷைகோ என்று ஒருவர் அமெரிக்க வனத்துறையில் ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்து உள்ளே பார்த்தவர். மரத்துக்குப் புண் ஆறுவதில்லை என்கிறார். கெட்டுப்போன பகுதியை மரம் உள்ளுக்குள்ளேயே சுவர் எழுப்பித் தனியாக ஒதுக்கிவிட்டு, ஓரத்திலிருந்து புதுக் கட்டை வளர்த்து மேலே மூடிக்கொண்டு வருகிறது. தாரும் சிமெண்டும் ஈரத்தை உள்ளே பிடித்துவைத்து அழுகலுக்குத்தான் உதவும். ஆறுவதில்லை, மூடுகிறது. இதை அன்றிரவு நோட்டில் எழுதினேன், அடித்தேன், மறுபடியும் எழுதினேன்.

கான்கிரீட் இரண்டு நாளில் போனது. சவுடு அள்ளத்தான் நாளாயிற்று. கிட்டத்தட்ட இரண்டடி உயரத்துக்கு நிரப்பியிருந்தான். மண்வெட்டியை ஓரத்தில் மட்டும் அனுமதித்தேன். மரத்துக்குப் பக்கத்தில் களைக்கொத்தும் கையும்தான். எங்கே நிறுத்துவது என்பது முக்கியம். மரம் தரையைத் தொடும் இடத்தில் அடிமரம் யானைக் கால் மாதிரி விரிந்து வேராக இறங்கும். அந்த விரிவு வெளியே தெரிய வேண்டும். அது தெரியாமல் கம்பம் நட்ட மாதிரி நேராக மண்ணுக்குள் போகிறது என்றால் கழுத்துவரை புதைந்திருக்கிறது என்று அர்த்தம். அம்மா படிக்காதவள். கழுத்து என்ற சொல்லை எங்கிருந்து பிடித்தாளோ.

புதைந்திருந்த பட்டை கறுத்து ஊறிப்போய், நாள்பட்ட கழுநீர் வாடை அடித்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் உள்ளே பழுப்பு, செத்துவிட்டது. மற்ற இடமெல்லாம் பச்சை. பதின்மூன்று வருடம் மூச்சுத் திணறியும் பச்சை! இன்னொன்றும் கண்ணில் பட்டது. சவுட்டுக்குள் மரம் புதிதாக வேர் விட்டிருந்தது. அதில் ஒன்று, கட்டை விரல் பருமனில், அடிமரத்தை அரைஞாண் கயிறு மாதிரி முக்கால் சுற்றுச் சுற்றியிருந்தது. இப்படிப்பட்ட வேரை விட்டுவைத்தால் மரமும் பருக்கும், வேரும் பருக்கும், கடைசியில் தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளும். சிறு ரம்பத்தால் இரண்டு இடத்தில் அறுத்து, பட்டை உரியாமல் உருவி எடுத்தேன். நாலைந்து மெல்லிய வேர்களையும் கழித்தேன். தரை மட்டத்தில் இருந்த பழைய வேர் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

சவுட்டுக்கு அடியில் அகப்பட்ட மற்றவை: ஒரு சோடா பாட்டில், தம்பியின் ரப்பர் செருப்பு ஒன்று, அம்மா துணி துவைத்த கருங்கல். கல்லைத் தேடி அவள் ஒரு வருடம் தம்பியைத் திட்டியது எனக்கு நினைவிருக்கிறது.

ஆணிக்கு ஒரு நாள் முழுக்கப் போனது. விளம்பரப் பலகைகள், சீரியல் பல்பு, மாட்டுக் கயிறு என்று ஆளாளுக்கு அடித்தது. நாற்பத்தொன்று எண்ணினேன். தலை வெளியே தெரிந்தவற்றைத்தான் பிடுங்கினேன். மரம் விழுங்கிவிட்ட கம்பி ஒன்று இருக்கிறது. அதைத் தோண்டி எடுக்கப் போனால் ஆணியைவிடப் பெரிய காயமாகும். வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியை வெட்டிவிட்டு, மிச்சத்தை மரத்துக்கே விட்டுக்கொடுத்தேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது முறிந்த கிழக்குக் கிளை பாக்கி. மன்னார்குடி, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கமெல்லாம் தோப்புத் தோப்பாகத் தென்னை படுத்துவிட்ட இரவு அது. இந்த மரம் ஒரு கிளையை மட்டும் இழந்து தப்பியது. மூளியாக நின்ற இரண்டரை அடிக் கட்டை உளுத்துப் பொந்தாகியிருந்தது. மரம் ஏறுகிறவரைக் கூப்பிட்டு, எப்படி அறுப்பது என்றுகூடப் பேசிவைத்தேன். முதலில் அடியிலிருந்து கால் பங்கு, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து, பாரம் போனபின் கடைசி வெட்டு, அதுவும் கிளை புறப்படும் இடத்தில் இருக்கும் மடிப்பைச் சேதப்படுத்தாமல் அதற்கு வெளியே. அப்படி அறுத்தால்தான் பட்டை உரிந்து கீழே வராது. அவர் ஏறினார், பொந்தை எட்டிப் பார்த்தார், இறங்கிவிட்டார். உள்ளே புள்ளி ஆந்தை ஜோடி.

இரவு இரண்டரைக்கு நான் கேட்டுக்கொண்டிருந்த கிறீச்சிடல் அதுதான் என்று அன்றுதான் தெரிந்தது. ஆந்தை வீட்டு வாசலில் ஆகாது என்றார் அவர். ஆகாதது எல்லாம் ஆகி முடிந்துவிட்டது, இருக்கட்டும் என்றேன். கட்டை அப்படியே நிற்கிறது. நீட்டிக்கொண்டிருந்த சிலாம்புகளை மட்டும் நறுக்கிவிட்டுப் போனார். அன்றிலிருந்து நோட்டில் தூக்கம் முறிந்த நேரத்தை எழுதுவதற்குப் பதில் ஆந்தை நேரம் எழுத ஆரம்பித்தேன். 2.40, ஆந்தை. 3.10, ஆந்தை, இரண்டும் சேர்ந்து. எழுதுவது அதே விழிப்பைத்தான். ஆனால் ஆந்தை என்று எழுதும்போது அது என்னுடைய நோயாகத் தெரியவில்லை.

மார்ச் முதல் வாரம் இலை மஞ்சளித்துக் கொட்ட ஆரம்பித்தது. பத்தே நாளில் மரம் மொட்டை. நான்தான் கொன்றுவிட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன். அறுத்த வேர், பட்டைப் புண், மிஷின் அதிர்ச்சி என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு இரண்டு இரவு. ஒரு இரவு தாங்கமுடியாமல் 14416ஐக் கூப்பிட்டேன். 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய மனநல உதவி எண் அது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். எடுத்தவரிடம் மரம் செத்துவிட்டது என்று சொல்லத் தொடங்கி அம்மாவில் போய் முடித்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

காலையில் எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம் காட்டினேன். எண்பது வயது, கை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மாசியில் புங்கன் மொட்டை போடும், பங்குனியில் பட்டுடுத்தும். இந்த வாசலிலே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இதுகூட மறந்துவிட்டதா?" முப்பது வருடம் சென்னையில் இருந்ததில் மறந்துதான் போயிருந்தது. அவரே மேலும் சொன்னார்: தாத்தா வருடா வருடம் கிளை கழித்துத் தழை கொடுப்பாராம். நாற்றங்காலில் புங்கந்தழையைப் போட்டு மிதித்த பிறகுதான் விதை விடுவார்களாம். மிதித்த காலுக்கு மூன்று நாள் அந்த வாடை போகாதாம். பங்குனி பிறந்த வாரத்தில் செம்பு நிறத்தில் தளிர் வந்தது. பிறகு எண்ணெய் தடவினாற்போலப் பச்சை. சித்திரையில் பூ, வாசல் முழுக்கப் பொரி இறைத்த மாதிரி. தேனீயின் இரைச்சலில் டெலிபோன் மணி காதில் விழாது. நான் அதைப் பெருக்கவில்லை. கோலத்துக்கு மட்டும் ஒரு முழம் ஒதுக்கிக்கொண்டேன்.

தளிர் வந்தபின் மண் வேலை. டெல்டாக் களி காய்ந்தால் கல், நனைந்தால் பசை. நடுவில் இருக்கிற பதம் இரண்டு நாள்தான் நிற்கும். மேடை இருந்த இடம் அமுங்கி இறுகிப்போயிருந்தது. கொத்திக் கிளற ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் உணவும் நீரும் இழுக்கும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல் ஓரிரு அடிக்குள்தான் பரந்திருக்கும். மண்வெட்டி போட்டால் அவ்வளவும் அறுந்துவிடும். அதனால் ஈரப் பதத்தில் கடப்பாரையால் ஒன்றரை அடிக்கு ஒரு குழி, ஓரடி ஆழம். அடியில் தடித்த வேர் இருந்தால் கைக்கு ஒரு துள்ளல் தெரியும், உடனே தள்ளிக் குத்த வேண்டும். மக்கிய எருவும் ஆற்று மணலும் சரிபாதி கலந்து குழிகளை நிரப்பினேன். கிளை விரிந்த வட்டத்தின் ஓரம்வரை தொண்ணூற்றுச் சொச்சம் குழி. ஒரு நாளைக்குப் பத்துக் குழிக்கு மேல் போவதில்லை என்று வைத்துக்கொண்டேன். பத்து முடிந்ததும் பசி எடுத்தது. மாதக் கணக்கில் பசியே தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவளுக்கு இது பெரிய செய்தி.

மண் காயாமல் மேலே பரப்பும் மூடாக்குக்கு முதலில் வைக்கோல் போட்டேன். இரண்டாவது தவறு. எதிர்வீட்டுக் கோழிகள் வந்து தெரு முழுக்க இறைத்தன. மிச்சம் இருந்ததில் கரையான் ஏறியது. வாரி எடுத்துவிட்டு, மரத்தின் சொந்தச் சருகையே மூன்றங்குலத்துக்குப் பரப்பினேன், அடிமரத்திலிருந்து அரையடி விலக்கி. பட்டை காற்றில் காய வேண்டும், அதற்காகத்தானே இத்தனை பாடு.

பாசனத்துக்கு மேட்டூர் அணை திறக்க வேண்டிய ஜூன் 12 வந்தது, திறக்கவில்லை. அணையில் தண்ணீர் இல்லை. குறுவை போட நினைத்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாமணியாறு மணலாகக் கிடந்தது. நான் பத்து நாளுக்கு ஒரு முறை இருபது குடம், அடிமரத்தில் ஊற்றாமல் கிளை நுனிக்கு நேர் கீழே வட்டமாக ஊற்றிவந்தேன். குடிக்கிற வேர் பெரும்பாலும் அடிமரத்தை விட்டுத் தள்ளித்தான் பரந்திருக்கும். ஜூலை கடைசியில் அணை திறந்து, ஆகஸ்டில் ஆற்றில் தண்ணீர் ஓடியபோது கிணற்றிலும் மட்டம் ஏறியது. குடத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

உட்காருவதற்கு இடம் இல்லாமல் போனதுதான் ஊரின் வருத்தம். மாலையில் மேடைக்கு வரும் பெரியவர்கள் நால்வர், ஆறு மாதம் பால் சொசைட்டித் திண்ணையில் அகதிகளாக இருந்தார்கள். கொல்லையில் பழைய மாட்டுக்கொட்டகைக் கதவு கிடந்தது. அதன் பலகையை இழைத்து, அம்மாவின் துவைகல் ஒரு பக்கம், இன்னொரு கருங்கல் மறுபக்கம் வைத்து பெஞ்சு ஆக்கினேன். தரையில் எதையும் புதைக்கவில்லை, சிமெண்ட் ஒரு கைப்பிடிகூடக் கலக்கவில்லை. காலையில் ஆறு முதல் ஆறரைவரை பெஞ்சு எனக்கு, மாலையில் அவர்களுக்கு. சொல்லி வைத்துக்கொண்ட ஏற்பாடில்லை, அப்படி அமைந்துவிட்டது. வேலைக் கூலி, டிப்பர் எல்லாம் சேர்த்து எட்டாயிரத்துச் சொச்சம் ஆனது.

அந்த அரை மணியில் என்ன செய்கிறேன் என்று கேட்கிறார்கள். தியானம் எல்லாம் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு பொருளைப் பார்ப்பது. தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைப் புரட்டுவது, இலையில் புழு போட்ட வெள்ளைக் கோடு, சிலந்திப்பேன் உண்டாக்கிய கொப்புளங்கள், அணில் காயைக் கவ்விக்கொண்டு போவது. மரத்தைக் கட்டிப்பிடித்தால் மனம் லேசாகும் என்று எழுதியிருந்ததைப் படித்து ஒரு நாள் செய்தும் பார்த்தேன். எழுதியவர் முசுறு எறும்பை அறியாதவர். ரவிக்கைக்குள் ஏழெட்டு புகுந்துவிட்டன. உள்ளே ஓடி உதறிய வேகத்தில் அன்று மனத்தில் வேறெதுவும் இருக்கவில்லை என்பதும் உண்மை. இப்போது உள்ளங்கையை மட்டும் வைக்கிறேன், அதுவும் முசுறு ஓடும் தடத்தைப் பார்த்துவிட்டு.

உன்னைத் தேற்றியது மாத்திரையா மரமா என்று தம்பி கேட்டான். இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியாது. செப்டம்பரில் மருத்துவர்தான் அளவைக் குறைத்தார். நானாக ஒரு நாளும் நிறுத்தவில்லை. நோட்டைப் புரட்டினால் பிப்ரவரியில் இருபத்தோரு ஆந்தை, ஜூனில் பன்னிரண்டு, அக்டோபரில் நாலு. ஆந்தைகள் எங்கும் போகவில்லை. மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் கட்டையின் வாயில் இரண்டும் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டு என்னைப் பார்க்கின்றன.

நவம்பர் கடைசியில், ஃபெஞ்சல் புயல் கரையேறுவதற்கு முன், இங்கே விடாமல் மழை. வயலெல்லாம் வெள்ளம். மேடை இருந்த காலத்தில் இப்படிப் பெய்தால் அதற்குள் தண்ணீர் நின்று வாரக் கணக்கில் ஊறும். இந்த முறை அடிமரத்தைச் சுற்றித் தேங்கியது ஒன்றரை நாளில் வடிந்தது. குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன், இரண்டு தடவை. அம்மா நம்பிக் கொடுத்த வேலையில் பாதி முடிந்தது என்று தோன்றியது.

2025 பொங்கலுக்குத் தம்பி வந்தான். ஒரு வருடமாகப் போனில் மேடைப் பேச்சையே எடுக்காதவன், வாசலில் பெட்டியை வைத்துவிட்டு மரத்தைச் சுற்றி வந்தான். "டைல்ஸாவது எடுத்து வைத்தாயா அக்கா?" என்றான். எடுத்து வைத்திருந்தேன், முப்பத்திரண்டு, உடையாமல். கொல்லையில் பாத்திரம் துலக்கும் இடத்தில் பதிக்கலாம் என்றான். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து துவைகல்லைக் காலால் தட்டிப் பார்த்து, "இது எங்கே கிடைத்தது?" என்றான். உன் மேடைக்கு அடியில் என்றேன். ரப்பர் செருப்பையும் கொண்டுவந்து காட்டினேன்.

கடப்பாரைப் புண்ணை நூலால் அளந்து, நூலைப் பீரோவில் தொங்கவிட்டிருக்கிறேன். 2024 பிப்ரவரியில் குறுக்கே பதினோரு சென்டிமீட்டர், 2025 பிப்ரவரியில் எட்டு. ஓரம் உருண்டு, அப்பத்தின் விளிம்பு மாதிரி உள்ளே வந்துகொண்டிருக்கிறது. செத்த பட்டை இருந்த இரண்டு இடத்தில் ஒன்று காய்ந்து உதிர்ந்துவிட்டது, அடியில் கட்டை கெட்டியாக இருக்கிறது. மற்றது இன்னும் ஈரம். குளியலறைச் சோப்புத் தண்ணீர் அந்தப் பக்கம்தான் கசிந்து வருகிறது. குழாயை வாழைக்குத் திருப்ப வேண்டும். கொத்தனார் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார், எந்த ஞாயிறு என்று சொல்லவில்லை.